காணாத அரங்குகளும் கேட்ட குரல்களும்



இந்த இலக்கியத் தொடரிலே சங்கச் செய்யுளைப் பற்றியோ, ஈழத்துச் சிறுகதையைப் பற்றியோ நான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்போருக்கு இன்றைய பொருள் சற்று வியப்பைத் தரக்கூடும். அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே 1950களின் நடுப்பகுதியில் உருவாகி, அடுத்த இருபது ஆண்டுகளில் உச்சத்தை எட்டிய 'சோல்' இசையைப் பற்றியும், அதனைப் பாடிய சிலருடைய மேடை நிகழ்ச்சிகளைப் பற்றியும் பேசலாமென எண்ணியுள்ளேன். "தமிழ் படிப்பிக்கிற உமக்கு இதிலை என்ன அலுவல்?" என்று என்னுடன் கற்பிக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். பாட்டு என்பது ஏட்டிலே எழுதப்பட்டுள்ள சொற்கள் மாத்திரந்தானா, அல்லது பாடுபவரும் கேட்பவரும் ஓரிடத்திற் கூடும்போது பிறக்கின்ற வேறொன்றா என்ற வினா இலக்கிய வகுப்பிலே என்னை நெடுநாளாகத் தொல்லைப்படுத்தி வந்துள்ளது. ஒரு நூலுக்குப் பாயிரம் எழுதுவோர் அது அரங்கேறிய களத்தையும் காலத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டுமென்று நமது இலக்கணகாரர் சிலர் வகுத்திருக்கின்றனர். அந்தக் களம் என்ற சொல்லின் பொருளை எனக்குத் தெளிவாக்கியவர்கள், உண்மையைச் சொன்னால், இந்தக் கறுப்பினப் பாடகர்களே.

சோல் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆன்மா என்பது பொருள். பெயரே இந்த இசை எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றது. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே, கறுப்பினத்தவரின் பப்டிஸ்த, பெந்தகொஸ்தே தேவாலயங்களில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் பாதி பேச்சாகவும் பாதி பாட்டாகவுமே நிகழும். போதகர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி நிறுத்துவார். சபை பதில் சொல்லும். நமது கூட்டுப் பிரார்த்தனையில் ஒருவர் முன்னே சொல்ல மற்றவர்கள் அதையே பின்னே சொல்வது போன்றதன்று இது. இங்கே பதில் வேறொரு சொல்லாக வரும்; கைதட்டலாக வரும்; அழுகையாகவும் வரும். அந்தப் பதிலைக் கேட்டுத்தான் போதகர் தமது அடுத்த வாக்கியத்தின் சுருதியைத் தீர்மானிப்பார். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் ஆபிரிக்காவிலிருந்து காவிவந்து, பருத்தித் தோட்டங்களிலே காப்பாற்றி வைத்திருந்த வழக்கம் அது.

இந்தத் தேவாலயப் பாட்டை எடுத்து, ஆண்டவர் இருந்த இடத்திலே காதலியை வைத்துப் பாடினால் என்னவாகும்? 1954ஆம் ஆண்டிலே றே சார்ள்ஸ் அதைத்தான் செய்தார். ஏழு வயதிலே பார்வையை இழந்தவர் அவர். ஒரு பக்திப் பாடலின் அமைப்பைத் தழுவி அவர் பதிவுசெய்த காதற்பாட்டு பெரும் வரவேற்பைப் பெற்றது. கூடவே பெருங் கண்டனமும் எழுந்தது. தெய்வத்துக்குரியதைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டான் என்று போதகர்கள் சினந்தார்கள். நமது பக்திப் பாடல்களிலே நாயகன் நாயகி பாவத்தைப் படிப்பிக்கும் எனக்கு இந்தச் சினம் முழுமையாக விளங்கவில்லை. ஆயினும் அதன் வேகம் விளங்குகின்றது. அங்கே தேவாலயம் மாத்திரமே அந்த மக்களுக்குச் சொந்தமான கட்டடமாக இருந்தது. அதிலிருந்து ஒரு செங்கல்லை உருவினாலும் அது களவாகத்தான் தோன்றும்.

றே சார்ள்ஸின் புகழ்பெற்ற பாடல்களுள் ஒன்று மேடையிலேயே பிறந்தது. 1958ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு நடன நிகழ்ச்சியிலே, தயாரித்து வைத்திருந்த பாடல்கள் யாவும் முடிந்துவிட்டன. ஒப்பந்தப்படி இன்னும் பன்னிரண்டு நிமிட நேரம் கிடந்தது. அவர் மின்பியானோவிலே ஏதோவொன்றைத் தொடங்கி, பின்னணிப் பாடகிகளைப் பார்த்து, நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்றார். பின்னர் சொற்கள்கூட இல்லை. வெறும் முனகலும் மறுமுனகலுமே. தரை அதிர்ந்ததாம். மறு ஆண்டு அதனை இசைத்தட்டாக வெளியிட்டபோது சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. சொல்லே இல்லாத இடத்தில் எதைத் தணிக்கை செய்தார்கள் என்பது சுவையான வினா.

அதே றே சார்ள்ஸ் 1961ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜோர்ஜியா மாநிலத்தின் ஒகஸ்டா நகரில் பாடவிருந்தார். நடனத் தளம் வெள்ளையருக்கு மாத்திரமே, கறுப்பினத்தவர் மேல் மாடத்திலிருந்து பார்க்கலாம் என்பது ஏற்பாடு. அவர் பாட மறுத்தார். ஒப்பந்தத்தை மீறியதற்காக நீதிமன்றம் அபராதம் விதித்தது. ஜோர்ஜியாவைப் பற்றி அவர் பாடிய பாடலை அந்த மாநிலமே 1979இல் தனது மாநிலப் பாடலாக ஏற்றுக்கொண்டது. இதற்குப் பதினெட்டு ஆண்டுகள் சென்றன.

இனி ஹார்லெமுக்கு வருவோம். நியூயோர்க் நகரின் 125ஆம் வீதியில் உள்ளது அப்பலோ அரங்கு. 1934 வரை கறுப்பினத்தவர் பார்வையாளராக நுழைய முடியாதிருந்த அந்த அரங்கு, அதன் பின்னர் அவர்களுடைய தலையாய மேடையாயிற்று. புதன்கிழமை இரவுகளில் அங்கே புதியவர்களுக்கான போட்டி நடைபெறும். மேடையோரத்திலே ஒரு மரக்குற்றி. பாட வருபவர் அதனைத் தொட்டுவிட்டே வருவார். சபைக்குப் பிடிக்காவிட்டால் இரண்டாவது அடியைப் பாடவும் விடமாட்டார்கள், கூச்சலிட்டுத் துரத்திவிடுவார்கள். இவ்வளவு கண்டிப்பான சபையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. நமது கவியரங்குகளிலே இதிற் பத்திலொரு பங்கு கண்டிப்பிருந்தாலும் நன்றாயிருக்கும்!

1962ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆந் திகதி, அதுவும் ஒரு புதன்கிழமை. கியூபாவிலே சோவியத் ஏவுகணைகள் நிறுத்தப்பட்டதால் மூண்ட நெருக்கடியில் அமெரிக்கக் கடற்படையின் முற்றுகை அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. உலகம் மறுநாள் இருக்குமோ என்று மக்கள் அஞ்சிக்கொண்டிருந்த அந்த இரவிலே, அப்பலோ அரங்கில் ஜேம்ஸ் பிறவுண் பாடினார். தம்முடைய மேடை நிகழ்ச்சியை இசைத்தட்டாக வெளியிட வேண்டுமென்று அவர் தமது கம்பனி முதலாளியிடம் கேட்டிருந்தார். ஏற்கெனவே வந்த பாடல்களைக் கூச்சலோடு மறுபடி யார் வாங்குவார்கள் என்பது முதலாளியின் வாதம். வியாபாரக் கணக்கின்படி அது பிழையான வாதமன்று. பிறவுண் தமது சொந்தப் பணத்தைப் போட்டு ஒலிப்பதிவு செய்தார்.

மறு ஆண்டு அந்த இசைத்தட்டு வெளிவந்தது. நாடளாவிய விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை உயர்ந்து, 66 வாரங்கள் அந்தப் பட்டியலிலே நிலைத்திருந்தது. முழுத் தட்டும் ஏறத்தாழ அரை மணித்தியாலந்தான். அதிலே பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் ஒரு பாட்டுண்டு. ஒருத்தியை இழந்துவிட்டேன் என்பதைத் தவிர அதிலே சொல்லப்படும் செய்தி வேறெதுவுமில்லை. அந்த ஒன்றையே அவர் கெஞ்சலாக, முறைப்பாடாக, கதறலாகத் திருப்பித் திருப்பிச் சொல்கின்றார். சபையிலிருந்து ஒரு பெண் அலறுகின்றாள். அவர் அந்த அலறலுக்குப் பதில் சொல்கின்றார். சற்று நேரத்தில் யார் பாடுகின்றார், யார் கேட்கின்றார் என்பது மயங்கிப்போகின்றது. தட்டின் ஒரு பக்கத்தில் இடம் போதாமையால் பாட்டு இடையிலே அறுந்து மறுபக்கத்தில் தொடரும். வரிகளை மாத்திரம் எழுதிப் பார்த்தால் அரைப் பக்கத்துக்கும் வராது. அதனைக் கவிதை என்று எந்தப் பரீட்சகரும் புள்ளியிட மாட்டார். ஆயினும் கேட்டவர்கள் அழுதிருக்கின்றார்கள்.

பிறவுணுடைய மேடையிலே நாடகமும் உண்டு. பாட்டின் உச்சத்திலே முழந்தாளிட்டு விழுவார். உதவியாளர் வந்து தோளிலே ஒரு போர்வையைப் போர்த்தி, தாங்கிப் பிடித்து அழைத்துச் செல்வார். வாசலை அடையுமுன் போர்வையை உதறிவிட்டு ஓடிவந்து மீண்டும் பாடுவார். மறுபடி விழுவார். மறுபடி போர்வை. மல்யுத்த வீரர் ஒருவரின் ஆடம்பரத்தைப் பார்த்தே இந்த உத்தியை எடுத்ததாக அவர் கூறியிருக்கின்றார். இது வெறும் பாசாங்கு என்று சொல்வோருக்கு நமது கூத்தரங்கை நினைவூட்ட விரும்புகின்றேன். மறுபடியும் மறுபடியும் செய்யப்படுவதனாலேயே சடங்குக்கு வலு உண்டாகின்றது. இவர் எழுந்து வருவார் என்பது சபைக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் அது கலங்குகின்றது.

நான் எவ்வாறு இந்தக் குரல்களை அறிந்துகொண்டேன் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். 1990களின் முற்பகுதியிலே யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னிலே றேடியோ கேட்ட தலைமுறை எங்களுடையது. கப்பலிலே வேலைசெய்த மாமா ஒருவர் முன்னொரு காலத்திற் கொண்டுவந்த ஒலிநாடாக்கள் வீட்டிலே கிடந்தன. அவற்றுள் ஒன்றிலே ஒட்டிஸ் றெடிங் பாடினார். கை சோர்ந்து சுற்றும் வேகம் குறைந்தால் அவருடைய குரலும் இழுபட்டுக் கனத்துவிடும். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மம்மா, "இந்தப் பொடியன் ஏன் இப்பிடிக் குழறுறான்?" என்று கேட்டார். "அவர் பாடுறார் அம்மம்மா" என்றேன். "பாடுறாரோ? எனக்கெண்டால் செத்தவீட்டு ஒப்பாரி மாதிரிக் கிடக்கு" என்றார். ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாதவர் அம்மம்மா. ஒட்டிஸ் றெடிங்கைப் பற்றி அதன் பிறகு நான் வாசித்த விமர்சனங்கள் பலவற்றிலும் பார்க்க அவர் சொன்னது கிட்டவே வந்துவிட்டது.

ஒட்டிஸ் றெடிங் 1941இல் ஜோர்ஜியாவிலே பிறந்தவர். மெம்பிஸ் நகரிலே ஒரு பழைய படமாளிகையை ஒலிப்பதிவு நிலையமாக மாற்றியிருந்த ஸ்ராக்ஸ் என்ற சிறு கம்பனிக்காகப் பாடினார். தியேட்டரின் சரிந்த தரையை அவர்கள் மட்டப்படுத்தவில்லை; அந்தச் சரிவே தங்கள் ஒலிக்கு ஒரு தனிக் குணத்தைக் கொடுத்தது என்று அங்கே வாசித்தவர்கள் சொல்வதுண்டு. அங்கு வாத்தியம் இசைத்த முதன்மைக் குழுவில் கறுப்பர் இருவர், வெள்ளையர் இருவர். வெளியே ஒரே உணவகத்தில் ஒன்றாக இருந்து சாப்பிட இயலாத காலத்திலே, கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் ஒன்றாக இசையமைத்தார்கள்.

1967ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17ஆந் திகதி, கலிபோர்னியாவின் மொன்டரே என்ற கடற்கரை நகரில் நடைபெற்ற பெரும் இசைவிழாவிலே, சனிக்கிழமை இரவின் கடைசி நிகழ்ச்சியாக றெடிங் மேடையேறினார். எதிரே இருந்தவர்களுட் பெரும்பாலானோர் வெள்ளை இளைஞர். நீண்ட தலைமயிரும் பூமாலையுமாக வந்தவர்கள். அவர்களிற் பலர் அவரை அறியார். நேரம் பிந்திவிட்டதால் அவருக்குக் கிடைத்தது ஐந்து பாடல்களுக்கான அவகாசம் மாத்திரமே. அந்த நிகழ்ச்சியின் படச்சுருள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றது. கமெராவுக்கு எதிரே உள்ள விளக்கு அவருடைய தலைக்குப் பின்னால் மறைவதும் வெளிப்படுவதுமாக இருக்கும். அந்த ஒளியிலே ஆளின் முகம் தெரியாது, அசைவு மாத்திரம் தெரியும்.

இறுதியாக அவர் பாடிய பாட்டு 1932ஆம் ஆண்டில் எழுதப்பட்ட பழையதொரு மென்பாடல். களைத்துப்போன பெண்ணிடம் பரிவு காட்டுங்கள் என்பதே அதன் கருத்து. வெள்ளைப் பாடகர்கள் அதனை இழைத்து இழைத்துப் பாடியிருந்தார்கள். றெடிங் அதனை ஏறக்குறைய மூச்சுவிடும் ஓசையிலே தொடங்குகின்றார். மத்தளக்காரர் ஒரு கடிகாரம்போலத் தட்டுகின்றார். ஒவ்வொரு சுற்றிலும் காலம் இறுகுகின்றது. விளம்பத்திலே தொடங்கியது துரிதத்துக்கு வருகின்றது. இறுதியிலே சொற்கள் உடைந்து வெறும் அசைகளாகச் சிதறுகின்றன. பரிவு காட்டுங்கள் என்ற வேண்டுகோள் உயிர்ப் பிரச்சினையாக மாறிவிடுகின்றது. பழைய பாட்டொன்றின் பொருளை மாற்றுவதென்றால் இதுதான்.

ஆறு மாதங்கூடச் செல்லவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 10ஆந் திகதி, அடுத்த நிகழ்ச்சிக்காக விஸ்கொன்சின் மாநிலத்தின் மடிசன் நகருக்குச் சென்றுகொண்டிருந்த அவருடைய சிறு விமானம் உறைபனிக் குளிரிலே ஏரியொன்றில் வீழ்ந்தது. அவருக்கு வயது 26. உடன்சென்ற இளம் வாத்தியக்காரருள் ஒருவர் மாத்திரமே உயிர்தப்பினார். விபத்துக்கு மூன்று நாள்களுக்கு முன்னர்வரை அவர் பதிவுசெய்துகொண்டிருந்த துறைமுகப் பாட்டு மறு ஆண்டு முதலிடத்தைப் பெற்றது. இறந்தவரொருவரின் பாட்டு அமெரிக்காவிலே முதலிடத்துக்கு வந்தது அதுவே முதற்றடவை.

மொன்டரே மேடையிலே றெடிங் தாமே எழுதிய பாட்டொன்றையும் பாடினார். ஒரு பெண்பிள்ளை அதனைத் தம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று சிரித்தபடி அறிமுகஞ்செய்தே பாடினார். அந்தப் பெண்பிள்ளை அரீதா பிராங்ளின். 1965இல் றெடிங் பாடியபோது 'ரெஸ்பெக்ட்' என்ற அந்தப் பாட்டு, உழைத்துக் களைத்து வீடு திரும்பும் ஆண் தனது மனைவியிடம் மரியாதை கேட்பது. 1967 பெப்ரவரியில் அரீதா அதையே பாடினார். சிற்சில மாற்றங்கள்தாம்: சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாக உச்சரிக்கும் ஒரு பகுதியைச் சேர்த்தார்; தங்கையும் தமக்கையும் பின்னணியில் நின்று குத்திக்காட்டும் குரல்களைக் கொடுத்தார்கள். ஆனால் இப்போது மரியாதை கேட்பவள் பெண். பாட்டின் தலை கீழாகிவிட்டது. உயர்தர வகுப்பிலே கூற்று என்றால் என்ன, தலைவன் கூற்றும் தலைவி கூற்றும் பொருளை எவ்வாறு மாற்றும் என்பதை விளக்க நான் இவ்விரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவதுண்டு. மாணவர்களுக்கு அதன் பிறகு விளக்கம் தேவைப்படுவதில்லை.

அரீதா டிட்ரோயிட் நகரின் புகழ்பெற்ற போதகர் ஒருவரின் மகள். தகப்பனாரின் பிரசங்கங்களே இசைத்தட்டுகளாக வெளிவந்து விற்பனையாகும். அத்தகைய வீட்டிலே தேவாலயத்திற் பாடி வளர்ந்து, பின்னர் உலகியற் பாடகியாகிப் புகழின் உச்சியை அடைந்தவர், 1972ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம், 14ஆந் திகதிகளிலே லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் தெற்குப் பகுதியிலுள்ள ஓர் எளிய தேவாலயத்துக்குத் திரும்பினார். அதுவும் முன்னர் படமாளிகையாக இருந்த கட்டடமே. வெள்ளிநிற மேற்சட்டை அணிந்த பாடகர் குழு, பியானோவிலே வண. ஜேம்ஸ் கிளீவ்லண்ட். பிரதான பக்திப் பாடலை அரீதா ஏறக்குறைய பதினொரு நிமிடம் பாடுகின்றார். ஓர் அசையிலிருந்து அடுத்த அசைக்குச் செல்ல அவருக்கு அரை நிமிடம் வேண்டியிருக்கின்றது. கிளீவ்லண்ட் வாசிப்பதை விட்டெழுந்து ஒரு கதிரையிலே அமர்ந்து, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகின்றார். பாடகர் குழுவிலிருந்தவர்கள் தமது வரிசையை மறந்து எழுந்து நிற்கின்றார்கள்.

இசைத்தட்டு அவ்வாண்டே வெளிவந்து பெரும் எண்ணிக்கையில் விற்பனையாயிற்று. திரைப்படமோ நாற்பத்தாறு ஆண்டுகள் வெளிவரவில்லை. காரணம் சிறிது. படப்பிடிப்பைப் பொறுப்பேற்ற சிட்னி பொலக் புகழ்பெற்ற இயக்குநர். ஆனால் ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் பலகையைத் தட்டி ஒலியையும் ஒளியையும் இணைப்பதற்கான அடையாளமிடும் வேலை நடைபெறவில்லை. பல மணிநேரப் படச்சுருளிலே யாருடைய வாய் எந்தச் சொல்லுக்கு அசைகின்றது என்பதை இணைக்க முடியாது போயிற்று. கணினித் தொழில்நுட்பம் வந்த பின்னர் அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆயினும் அரீதா தம் அனுமதியின்றி அதனைத் திரையிடக் கூடாதென்று வழக்குத் தொடர்ந்து தடுத்தார். 2018ஆம் ஆண்டு ஒகஸ்ட் 16ஆந் திகதி அவர் காலமான பின்னரே, அவ்வாண்டு நவம்பரில் படம் திரைக்கு வந்தது.

அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கின்றேன். இரண்டாம் நாள் தகப்பனார் முன்வரிசைக்கு வந்து அமர்கின்றார். மகள் பியானோவிலிருந்து பாடிக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்து சென்று, கைக்குட்டையால் அவருடைய முகத்து வியர்வையை ஒற்றிவிடுகின்றார். மகள் பாட்டை நிறுத்தவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை. சின்னப்பிள்ளை முகத்தைக் காட்டுவதுபோலச் சற்றே காட்டிக்கொண்டு பாடுகின்றார். உலகியற் பாட்டுக்குப் போனதற்காகச் சிலர் அவர்மீது கூறிய குறைகளை நன்கு அறிந்த தகப்பன் அவர். தட்டிலே எத்தனை முறை கேட்டிருந்தும் இந்தக் கணம் அதிலே இல்லை.

பதிவுகள் தப்புவதும் தப்பாமற் போவதும் தற்செயலே. சாம் குக் என்ற பாடகரின் கதை இதற்கு நல்லதோர் உதாரணம். இவரும் போதகரின் மகனே. பத்தொன்பது வயதிலே புகழ்பெற்ற பக்திக் குழுவொன்றிற் சேர்ந்து பாடி, 1957இல் உலகியற் பாட்டுக்கு வந்தவர். பட்டுப்போன்ற குரல். வெள்ளைக் குடும்பங்களின் வரவேற்பறையிலே தயக்கமின்றி ஒலிக்கக்கூடிய குரல். 1963ஆம் ஆண்டு ஜனவரி 12ஆந் திகதி மயாமி நகரின் கறுப்பினக் குடியிருப்பிலிருந்த ஹார்லெம் ஸ்குவயர் கிளப்பிலே அவர் பாடியதைக் கம்பனி ஒலிப்பதிவு செய்தது. அங்கே கேட்பது வேறொரு குக். குரல் கரகரக்கின்றது. கைக்குட்டைகளை எடுத்துச் சுழற்றுங்கள் என்று சபையைத் தூண்டுகின்றார். சபை அவரைவிட உரக்கப் பாடுகின்றது. கம்பனிக்காரர் கேட்டுப் பார்த்தார்கள். மெருகில்லாமல் மிகவும் முரட்டுத்தனமாக இருப்பதாகக் கருதிப் பூட்டிவைத்துவிட்டார்கள். 1964இல் நியூயோர்க்கிலே செல்வந்தர் கூடும் கோப்பகபானா விடுதியில் அவர் அடக்கமாகப் பாடிய நிகழ்ச்சியை மாத்திரம் வெளியிட்டார்கள். மயாமிப் பதிவு 1985இலேதான் வெளிவந்தது. அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே, 1964 டிசம்பர் 11ஆந் திகதி, குக் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். வயது 33.

இரு பதிவையும் கேட்டவர்களிடையே எது உண்மையான குக் என்ற விவாதம் உண்டு. எனக்கு அது பயனற்ற விவாதமாகவே படுகின்றது. இரண்டு சபைகள் இருந்தன. இரண்டு பாடகர்கள் தேவைப்பட்டார்கள். அந்த இருவராகவும் ஒரே மனிதர் இருக்கவேண்டியிருந்தது. அந்தச் சுமைதான் பேசப்பட வேண்டியது.

1963 ஒக்டோபரில் லூசியானா மாநிலத்தில் ஒரு விடுதி இடந்தர மறுத்தது. குக் வாதிட்டுக் கலகஞ்செய்தார் என்று பொலிசார் அவரைக் கைதுசெய்தனர். அந்தக் காலப்பகுதியிலேயே, மாற்றம் வந்தே தீரும் என்ற நம்பிக்கையைச் சொல்லும் அவருடைய மிகச் சிறந்த பாடல் உருவாயிற்று. 1964 பெப்ரவரி 7ஆந் திகதி தேசியத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் முழு வாத்தியக் குழுவோடு அதனைப் பாடினார். அன்றுதான் பீற்றில்ஸ் குழுவினர் நியூயோர்க்கிலே வந்திறங்கினார்கள். இரண்டு நாள் கழித்து அவர்கள் தொலைக்காட்சியிலே தோன்றியதும் நாடு வேறொன்றையும் பேசவில்லை. குக் பாடிய அந்த நிகழ்ச்சியின் ஒளிநாடா பேணப்படவில்லை. பார்த்தவர்களின் நினைவோடு அது போய்விட்டது.

ஜேம்ஸ் பிறவுணைப் பற்றி இன்னுமொரு செய்தி சொல்ல வேண்டும். 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆந் திகதி மெம்பிஸ் நகரிலே மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரங்கள் எரிந்தன. மறுநாள் பொஸ்டன் நகரிலே பிறவுணின் நிகழ்ச்சி. இரத்துச் செய்தால் இரசிகர்கள் தெருவிலே நிற்பார்கள்; நடத்தினாலும் ஆபத்து. நிகழ்ச்சியைப் பொதுத் தொலைக்காட்சியிலே நேரடியாக ஒளிபரப்பினால் மக்கள் வீட்டிலிருந்து பார்ப்பார்கள் என்று நகரபிதாவும் நகரசபையின் கறுப்பின உறுப்பினரும் ஒழுங்குசெய்தனர். ரிக்கெற் விற்பனை நட்டமாகுமென்று பிறவுண் 60 ஆயிரம் டொலர் கேட்டார். சிலருக்கு இது அருவருப்பாகத் தோன்றலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கலைஞன் துக்க காலத்திலும் வாத்தியக்காரருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும்.

பதினாலாயிரம் பேர் கொள்ளும் அரங்கில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே வந்தனர். இறுதிக் கட்டத்திலே இளைஞர்கள் மேடையில் ஏறத் தொடங்கினர். பொலிசார் தள்ளினர். ஒரு கணம் எல்லாமே கைமீறிப் போகும்போல் இருந்தது. பிறவுண் வாத்தியத்தை நிறுத்தினார். பொலிசாரை விலகச் சொன்னார். இளைஞர்களைப் பார்த்து, நீங்கள் என்னையும் அவமதித்து உங்களையும் அவமதிக்கின்றீர்கள் என்ற கருத்துப்படக் கண்டித்தார். நாமெல்லாரும் கறுப்பர்தானே, இறங்குங்கள் என்றார். இறங்கினார்கள். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. நிகழ்ச்சி முடிந்ததும் தொலைக்காட்சி அதனை மீண்டும் ஒளிபரப்பியது. மற்றைய பெருநகரங்களோடு ஒப்பிட்டால் அன்றிரவு பொஸ்டன் அமைதியாகவே இருந்தது. அப்பலோவிலே கதறியும் அலறியும் சபையைக் கொதிக்க வைத்த அதே குரல்தான் இங்கே சபையை ஆற்றியது.

இந்தப் பெரும் பெயர்களோடு, அவ்வளவாக அறியப்படாத ஒருவரையும் சொல்லி முடிக்கின்றேன். டொனி ஹதவே. சிக்காகோவிலே பிறந்து, சென் லூயி நகரில் பாட்டியாரோடு வளர்ந்து, மூன்று வயதிலேயே தேவாலயத்திற் பாடத் தொடங்கியவர். மனநோயினால் நெடுங்காலம் துன்புற்று, 1979 ஜனவரியில் நியூயோர்க்கிலே ஒரு விடுதியின் உயர்ந்த மாடியிலிருந்து வீழ்ந்து இறந்தார். வயது 33, சாம் குக்கின் வயதே. 1972இல் வெளிவந்த அவருடைய மேடைப் பதிவொன்று உண்டு. அதன் முதற் பக்கம் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் ட்ரூபடோர் என்ற சிறிய அரங்கிலே பதிவானது. கறோல் கிங் எழுதிய, நட்பைப் பற்றிய பாட்டொன்றை அவர் அங்கே பாடுகின்றார். முதற் சில சுரங்கள் மின்பியானோவிலே விழுந்ததும் சபை இனங்கண்டு ஆரவாரிக்கின்றது. பல்லவி வரும் இடத்திலே அரங்கிலுள்ள பெண்களும் ஆண்களும் தாமாகவே எடுத்துப் பாடுகின்றார்கள். ஹதவே அவர்களை முந்தவில்லை. குரலைத் தாழ்த்தி, வாத்தியத்தை மெலிதாக்கி, அவர்களைப் பாடவிட்டுப் பின்னாலே துணைபோகின்றார். உனக்கு நானிருக்கின்றேன் என்ற கருத்தைத் தனிமையிலே வாடிய அந்த மனிதர் சபைக்குச் சொல்லவேண்டிய இடம் அது. அங்கே சபைதான் அவருக்கு அதனைச் சொல்லிக்கொண்டிருக்கின்றது. பாட்டு முடிகின்றது, கைதட்டல் நெடுநேரம் நீள்கின்றது, அத்துடன் தட்டின் முதற் பக்கமும் முடிகின்றது.

எனக்கு ஒதுக்கப்பட்ட நேரமும் முடிந்துவிட்டது.